வலிப்புள்ள குழந்தையின் படிப்பைக் கவனிப்பது எப்படி

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்வழியில் படித்த நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் சொல்வதெழுதுதல் ஏட்டில் ‘மழை பெய்ததால் ஆற்றில் வெள்ளம் வந்தது’ என்ற வரியில் ‘ஆற்றில்’ என்ற சொல் விடுபட்டிருந்தது. அந்த இடத்தில் பென்சில் கோடு ஒன்று கீழே சறுக்கியிருந்தது. கவனமில்லாமல் எழுதுகிறாள் என்று நான் கடிந்துகொண்டேன். அது வலிப்பு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கை கால் வெட்டி இழுப்பது மட்டுமே வலிப்பு அன்று. பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும் ஒரு வகையில், குழந்தை 10 நொடி அளவுக்கு வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல விட்ட வேலையைத் தொடரும். இது ஒரே நாளில் பலமுறை வரலாம் என்பதால், பாடம் ஆங்காங்கே ஓட்டை விழுந்த நிலையில்தான் குழந்தையிடம் போய்ச் சேர்கிறது. பகற்கனவு காணும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும். வலிப்பில் இருக்கும் பிள்ளை திரும்பாது. சந்தேகம் வந்தால் தேதி, நேரம், நடந்தது ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் பெற்றோர் வீட்டில் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். மருத்துவருக்கு இவை இரண்டும் பெரிய உதவி.

மதிப்பெண் குறைந்தால் உடனே அறிவுக்குறை என்று முடிவு கட்ட வேண்டாம். வலிப்புள்ள குழந்தைகளில் பலர் மற்றவர்களைப் போன்ற அறிவுத்திறன் உடையவர்களே. இரவில் வலிப்பு வந்திருந்தால் தூக்கம் கெட்டு, முந்தைய நாள் படித்தது மனத்தில் தங்காமல் போகலாம். அன்று காலைத் தேர்வைத் தள்ளிவைக்கலாம். வலிப்பு மருந்துக்கும் பங்கு உண்டு: பினோபார்பிட்டோன் சில குழந்தைகளை மந்தமாக்கும், சிலரைத் துறுதுறுக்க வைக்கும், டோபிராமேட் சொல் நினைவுக்கு வரவிடாமல் தடுக்கலாம், லெவெடிரசெட்டாம் எரிச்சலைக் கிளப்பலாம். ஆகவே மருந்து மாறிய தேதியையும் அதே நோட்டில் குறியுங்கள். படிப்புக் கெடுகிறதே என்று வீட்டில் மருந்தைத் தாமாக நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பி வரலாம். மாற்றம் வேண்டுமானால் மருத்துவரிடம் கேளுங்கள்.

எல்லையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாய் ‘பிட்ஸ்’ என்பார், மலையாளம் பேசும் அண்டைவீட்டார் ‘சுழலி’ என்பார், மருத்துவக் குறிப்பில் ‘அபஸ்மாரம்’ என்றிருக்கும், மூன்றும் ஒன்றே. ஒரு மாதம் பாலக்காட்டிலும் மறுமாதம் கோயம்புத்தூரிலும் காட்டும் குடும்பங்கள், மருந்தின் பெயரும் அளவும் எழுதிய அந்த ஒரே நோட்டை இரண்டு இடங்களுக்கும் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் ஒருவர் குறைத்த அளவை இன்னொருவர் அறியாமல் கூட்டிவிடுவார்.

வகுப்பில் செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. வாயால் சொன்ன வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையிலும் எழுதுங்கள். பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து விட்டதை நிரப்பிக்கொள்ளத் தினமும் ஐந்து நிமிடம் கொடுங்கள். பல படிகள் கொண்ட கணக்கைப் படிப்படியாகப் பிரித்துக் கொடுங்கள், ஏனென்றால் நடுவில் ஒரு படி நழுவினாலே விடை முழுவதும் தவறாகிவிடும்.

கை கால் இழுக்கும் வலிப்பு வந்தால் சாவியைத் தேடி ஓட வேண்டாம். இரும்பைக் கையில் கொடுப்பதால் எதுவும் நிற்பதில்லை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.

வலிப்பு அடங்கிய பின்னும் எழுத்தும் கணக்கும் பிடிபடவில்லை என்றால் கற்றல் குறைபாட்டுக்கான சோதனையைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் வலிப்புக்குத் தனி இடம் இல்லை, ஆனால் கற்றல் குறைபாடு இருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் கேட்கச் சான்றிதழ் தேவைப்படும். அந்த அலைச்சலைப் பத்தாம் வகுப்புவரை தள்ளிப்போடாமல் எட்டாம் வகுப்பிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.