சின்ன கொலேஜ்ல பெரிய பாஸ்கட்போல் டீம் கட்டுறது எப்பிடி

முதல்ல உயரமான பொடியன்களைத் தேடி ஓடாதீங்க, பல வருஷம் நிண்டு பிடிக்கிற ஒரு கோச்சைப் பிடியுங்க. அமெரிக்காவில கொன்சாகா எண்டு ஒரு சின்ன யூனிவர்சிட்டி இருக்கு, அங்க அசிஸ்டன்ட்டா இருந்த மார்க் ஃபியூவையே 1999ல ஹெட் கோச் ஆக்கினாங்க, மாத்தவே இல்ல, 2017லயும் 2021லயும் நெஷனல் ஃபைனலுக்குப் போனாங்க.

கொழும்புல இடம் இல்லாததுதான் பெரிய தலையிடி. ஃபுல் கோர்ட்டுக்கு 28க்கு 15 மீட்டர் வேணும், இல்லாட்டி அரைக் கோர்ட்டும் ஒரு வளையமும் போதும், தொடங்குங்க. கிரேட் 6 பிள்ளைகளுக்கு 3.05 மீட்டர் வளையம் வேணாம், 2.60க்கு இறக்கி 5ஆம் நம்பர் போல் குடுங்க, பெரிய போலை எறிஞ்சு பழகினா ஷூட்டிங் ஸ்டைலே கெட்டுப்போய் பிறகு திருத்த ஏலாது.

ஷூட்டிங்கை விட டிஃபென்ஸைத்தான் நான் முதல்ல பழக்கச் சொல்லுவன், உயரம் இல்லாத டீமும் ஓடி மறிச்சா வெல்லும். இடக்கை லேஅப் (வளையத்துக்குக் கிட்ட ஓடிப்போய்ப் போடுற ஷொட்) கட்டாயம். ஃப்ரீ த்ரோவ, அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கிற, ஒருத்தரும் மறிக்காத ஷொட்ட, களைச்ச பிறகு போட வையுங்க, மெட்ச்ல அப்பிடித்தானே வரும்.

ஓஎல் சோதனை வருஷம் வந்தா டியூஷன் எண்டு பாதிப் பேர் நிண்டுடுவாங்க, அதால அம்மா அப்பாவோட முன்னமே இருந்து கதைச்சு, பிரக்டிஸ விடிய அஞ்சரைக்கு வையுங்க, வெயிலும் இல்ல. சப்பாத்து வாங்க ஏலாத பிள்ளைக்கு பழைய மாணவர்கள்ட்ட கேளுங்க, வெக்கப்படாதீங்க. பிறகு உங்களை விடப் பலமான ஸ்கூல்களோட ஃப்ரெண்ட்லி மெட்ச் கேட்டு வாங்குங்க, முதல் வருஷம் தோப்பீங்க, பரவாயில்ல.