அல்பரிஞோவை வீணாக்கும் தவறுகள்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு நேர் மேலே இருப்பது கலீசியா. அட்லாண்டிக் கடல் அங்கே விரல் விரலாக நிலத்துக்குள் நுழைந்து கிடக்கிறது. அந்தக் கடல் கழிகளை உள்ளூரில் ரீயா என்பார்கள். அவற்றின் கரையிலும் அதை ஒட்டிய ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் இருக்கும் வைன் வட்டாரம்தான் ரீயாஸ் பைஷாஸ். அங்கே பயிராவதில் பெரும்பகுதி அல்பரிஞோ என்ற ஒரே வெள்ளைத் திராட்சை. அல்பரினோ என்று பலர் சொல்கிறார்கள். ஞாயிறில் வரும் ஞகரம்தான் அதில் இருக்கிறது, நமக்குச் சிரமமே இல்லை.

இந்த வைனுக்கு அதிகம் கெடுதல் செய்வது குளிர். வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் சுமார் 4 டிகிரி இருக்கும். அங்கிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் பீச், எலுமிச்சைத் தோல், வெள்ளைப் பூ என்று அதற்குரிய வாசனை எதுவும் மேலே வராது. புளிப்பு மட்டும் நாக்கைக் குத்தும். குடித்தவர் "இதில் ஒன்றுமே இல்லையே" என்று ஒதுக்கிவிடுவார். 15, 20 நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். 10 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் சரி. கிளாஸில் ஐஸ் போடவே வேண்டாம், கரைந்த தண்ணீர் ருசியை நீர்க்கச் செய்துவிடும். கிளாஸை நிரப்பாமல் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால்தான் வாசனை திரள இடம் இருக்கும்.

அடுத்தது, அதன் புளிப்பையே குறை என்று நினைப்பது. அது அந்த மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் வருவது. ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிற, வெயில் அதிகம் கொளுத்தாத கரை அது. குளிர்ந்த காற்றில் நிதானமாகப் பழுக்கும்போது பழத்தில் அமிலம் தங்கிவிடுகிறது. அவ்வளவு ஈரத்தில் கொடி தரையோடு கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் கருங்கல் தூண்கள் நட்டு, ஆள் உயரப் பந்தல் போட்டுக் கொடியைப் படரவிடுகிறார்கள். காற்று அடியில் புகுந்து பழத்தை உலர்த்தும். அறுவடைக்காரர்கள் பந்தலுக்குக் கீழே நின்றபடி கைகளை மேலே உயர்த்திக் குலைகளை வெட்டுவார்கள். இவ்வளவு பாடுபட்டுக் காத்த பழத்தின் உயிரே அந்தப் புளிப்புதான். அது பிடிக்காதவர் வேறு வைன் வாங்கிக்கொள்வது நல்லது.

புளிப்பு வைன் என்பதால் சாராயச் சத்து குறைவு என்று எண்ணி மடமடவென்று குடிக்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும் 12 முதல் 13 சதவீதம் இருக்கும். லேசாக இறங்குகிறதே என்று ஏமாறக் கூடாது.

லேபிளைப் படிக்காமல் வாங்குவதும் நடக்கிறது. ரீயாஸ் பைஷாஸ் என்று மட்டும் இருந்தால் லொரெய்ரோ, த்ரெய்ஷதூரா போன்ற திராட்சைகளும் கலந்திருக்கலாம். அதுவும் நல்ல வைன்தான், ஆனால் ருசி வேறு. மிஞோ ஆற்றுக்கு அக்கரையில், போர்ச்சுகலில், இதே திராட்சைக்கு அல்வரிஞோ என்று பெயர். அதை வைத்து, அங்கிருந்து வரும் வின்ஹோ வேர்தே என்ற வைன் எல்லாமே இதுதான் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பெயரில் வருகிற மலிவான, லேசாகக் குமிழியிடும் பாட்டில்கள் பல திராட்சைகளின் கலவை. திராட்சையை மாற்றி அறிவது அவ்வளவு எளிது! ஆஸ்திரேலியாவில் அல்பரிஞோ என்று நம்பி நட்டு வளர்த்த கொடிகள் உண்மையில் சவாஞ்ஞான் என்ற வேறு ரகம் என்று மரபணுச் சோதனைக்குப் பிறகு 2009-ல் தெரியவந்தது.

எப்போது குடிப்பது என்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சாதாரண பாட்டிலைப் பொக்கிஷம் போலப் பல வருடம் பூட்டி வைப்பார்கள். அது அறுவடையிலிருந்து இரண்டு, மூன்று வருடத்துக்குள் குடிப்பதற்கானது. ஆனால் லேபிளில் 'சோப்ரே லீயாஸ்' என்று இருந்தால், ஈஸ்ட் வண்டலோடு சேர்த்து ஊறவைத்தது என்று பொருள். அதில் நல்லதைப் பொறுமையாக வைத்திருக்கலாம். சில ஆண்டுகளில் புளிப்பு தணிந்து, தேனும் பருப்புமாக ஒரு கனம் வரும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான். குளிர்ச்சியான இருட்டு இடத்தில் வையுங்கள். அடுப்பங்கரை அலமாரி ஆகாது.

சாப்பாட்டில், கலீசியர்கள் இந்த வைனோடு சிப்பியையும் மட்டியையும் ஆவியில் வேகவைத்து அப்படியே சாப்பிடுவார்கள். வெந்த ஆக்டோபஸ் மேல் ஆலிவ் எண்ணெய், கல்லுப்பு, மிளகாய்ப்பொடி தூவுவார்கள், அவ்வளவுதான். கடும் காரக் குழம்போடு வைத்தால் சாராயம் காரத்தின் எரிச்சலைக் கூட்டும், வைனின் ருசியும் தெரியாது.

கடைசியாக, பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ மின்னினால் பயந்து கொட்டிவிடாதீர்கள். அது டார்டாரிக் அமில உப்பு, குளிரில் படிகமாகி இறங்கியது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது. பாட்டிலை ஆட்டாமல் மெதுவாக ஊற்றி, அடியில் கடைசிச் சொட்டை மட்டும் விட்டுவிடுங்கள். மிச்சமானதை இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளும் நன்றாகவே இருக்கும்.