கார்னர் லாட் வீட்டில் ஒரு மஞ்சள் பூ வளைவு

கார்னர் லாட் வீட்டில், அதாவது வரிசை வீடுகளின் ஓரத்து வீட்டில், பக்கவாட்டு இடத்தில் பூ வளைவு போடுவதானால் காகிதப்பூவைப் பந்தலில் ஏற்றாதீர்கள். வெயிலைப் பார்த்துப் பூக்கும் செடி அது. பூவெல்லாம் பந்தலின் முதுகில், பக்கத்து வீட்டு மாடிக்காரர் ரசிப்பதற்கு. கீழே நடக்கும் நமக்கு முள்ளும் குச்சியும்தான். அலமாண்டாவின் பூவும் மேலே பார்த்துத்தான் விரியும். தலைக்கு மேல் பூ வேண்டுமென்றால், சரமாகக் கீழே தொங்கும் செடிதான் சரிப்படும்.

இதை நான் புரிந்துகொண்டது வேல்ஸில். வடக்கே கான்வி ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி போட்னன்ட் என்ற மாளிகைத் தோட்டம் இருக்கிறது. பழுப்பாக இருந்த சோப்பை வெள்ளையாக்க வழி கண்ட ஹென்றி டேவிஸ் போச்சின் என்ற வேதியியலாளர் 1874இல் அந்த எஸ்டேட்டை வாங்கினார். 1880 வாக்கில் அங்கே போட்டதுதான் லபர்னம் வளைவு. லபர்னம் என்பது மஞ்சள் பூச்சரம் தொங்கும் சிறு மரம், அதை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். 55 மீட்டர் நீளம், ஏறக்குறைய 180 அடி. மே கடைசியிலிருந்து ஜூன் முதல் பாதிவரை மேலும் பக்கமும் மஞ்சள் சரம்தான். 1949இல் தோட்டம், பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்குப் போனது. மகள் வேல்ஸின் பாங்கோர் நகரில் படித்ததால் எனக்கு அந்த வளைவுக்குள் நடக்கக் கிடைத்தது. அங்கே ரோடோடென்ட்ரான், மக்னோலியா என்று எத்தனையோ உண்டு. ஆனால் வளைவில் ஒரே ஒரு வகைச் செடி. அந்த அழகே அதில்தான். ஐந்து வகைக் கொடியைக் கலந்து ஏற்றினால் நர்சரி வாசல் மாதிரி ஆகிவிடும்.

லபர்னம் மலேசியாவில் எங்கள் பினாங்கில் வராது. குளிர் வேண்டும் அதற்கு. விதையும் விஷம், சின்னப் பிள்ளைகள் ஓடும் வீட்டுக்கு ஆகாது. "அப்போ சரக்கொன்றை வை" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். பார்வைக்கு அக்காள் தங்கைதான். ஆனால் கொன்றை மரமாக உயரப் பிறந்தது. வளைத்துக் கட்டினால் கட்டின இடத்திலிருந்து நேராக மேலே குருத்து விடும். சிவனுக்கு உகந்தது, வளைவுக்கு அல்ல.

நான் வைத்திருப்பது தன்பர்ஜியா மைசூரென்சிஸ். மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடி, பேரிலேயே மைசூர் இருக்கிறது. மஞ்சளும் செம்பழுப்பும் கலந்த பூ, நீளமான சரம், முள் கிடையாது. நர்சரியில் பேரைச் சொன்னால் நீலப்பூ தன்பர்ஜியாவைத் தந்துவிடுவார்கள். கைப்பேசியில் படத்தைக் காட்டி வாங்குங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு ரங்கூன் மல்லி. எங்கே வைத்தாலும் ஓடும், ராத்திரி வாசனை தூக்கும், ஆனால் மஞ்சள் இல்லை.

பந்தலுக்கு மரத்தூண் வேண்டாம், கறையான் விடாது. ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, வெல்டிங் கடையில் கொடுத்து வளைத்துக்கொள்ளுங்கள். உயரம் 9 அடி. அதற்குக் குறைந்தால் சரம் நெற்றியில் இடிக்கும். அகலம் 5 அடி. தூணுக்குத் தூண் 5 அடி விட்டு, 2 அடி ஆழக் குழியில் சிமெண்ட் போட்டு நிறுத்துங்கள். எங்கள் வளைவு 16 அடி நீளம். கேட்டிலிருந்து பின்கதவுவரை பக்கவாட்டில் அவ்வளவுதான் இடம். வேலிக்கு வெளியே கால்வாய் ஓரத்தில் தூண் நடாதீர்கள், அது நம் நிலமல்ல. பைப்பின் வாயை எல்லாம் மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் மழைத்தண்ணீர் நின்று ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கியும் வரும், அபராதமும் வரும்.

மேலே என்ன போடுவது என்பதில்தான் பாதி வெற்றி. வேலிக்குப் போடும் பிஆர்சி வலையைப் பலர் அப்படியே விரித்துவிடுகிறார்கள். அந்தச் சின்னக் கண்ணில் மொட்டு மாட்டிக்கொண்டு மேலேயே கிடக்கும். தடித்த கம்பியை ஓரடிக்கு ஓரடி சதுரமாகக் கட்டுங்கள். சரம் உள்ளே இறங்க வழி வேண்டும்.

நடுவதற்கு ஆகஸ்ட் கடைசி நல்லது. அடுத்து வரும் மழை வேரைப் பிடிக்க வைத்துவிடும். நம் செம்மண் இறுகிப்போகும் என்பதால் மணலும் மக்கிய மாட்டுச் சாணமும் கலந்து, ஒன்றரை அடிக் குழியில் வையுங்கள். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். தூணுக்கு ஒரு கொடி போதும். உச்சிக்குப் போகும்வரை பக்கக் குருத்தையெல்லாம் கிள்ளிவிடுங்கள். உச்சி தொட்டதும் நுனியைக் கிள்ளினால் இரு பக்கமும் பிரியும். பழைய கைலியைக் கிழித்து எட்டுப் போட்ட மாதிரி தளர்வாகக் கட்டுங்கள். கம்பியால் கட்டினால் தண்டு பருக்கும்போது அறுத்துவிடும்.

அப்புறம் கிளை கழிப்பது. போட்னன்டில் குளிர்காலத்தில், லபர்னம் இலை உதிர்ந்து நிற்கும்போது, தோட்டக்காரர்கள் கட்டுகளை அவிழ்த்து, பக்கக் கிளைகளைக் குறைத்து, திரும்பக் கட்டுகிறார்கள். பல வாரம் பிடிக்கும் வேலை. நமக்குக் குளிர்காலம் கிடையாது. ஒரு சுற்றுப் பூ ஓய்ந்ததும் செய்யுங்கள். முற்றிய தாய்த்தண்டைத் தொடவே கூடாது. பச்சைப் பக்கக் கொடியை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். மேலே காய்ந்த சருகை வாரி எடுங்கள். விட்டுவைத்தால் எலியும் பாம்பும் குடியேறும், வெயிலும் இறங்காது.

பூத்த பிறகு தேன்சிட்டு தினமும் வரும். வளைவை ஒட்டிக் காரை மட்டும் நிறுத்தாதீர்கள், தேன் சொட்டிக் கண்ணாடியெல்லாம் பிசுபிசுக்கும், எறும்பு ஏறும். துணி காயப்போடவும் அது இடமில்லை. இதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்பதில்லை.