கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர அமெரிக்க ஹைஸ்கூலில் திட்டமிடுவது எப்படி? முதல்முறை விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்கு

அமெரிக்காவில் பல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இடம் கிடைப்பது, அதே கல்லூரியின் மற்ற துறைகளைவிட ரொம்பக் கடினம். "முதலில் உள்ளே போய்விடலாம், அப்புறம் மேஜரை (முக்கியமாகப் படிக்கும் துறையை) மாற்றிக்கொள்ளலாம்" என்று நம்பித்தான் நிறைய குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. அதனால் முக்கியமான வேலை இரண்டு. பிள்ளை கம்ப்யூட்டர் கோடு எழுதி ஏதாவது ஒன்றை உருப்படியாக முடித்திருக்க வேண்டும். எந்தக் கல்லூரி எந்த வழியாக இந்த மேஜருக்கு ஆள் எடுக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அடுத்துத்தான்.

படி 1: முதலில் கணக்கு

கோடிங் வகுப்பைத் தேடுவதற்கு முன் கணக்குப் பாடத்தின் வரிசையைப் பாருங்கள். அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ் என்பதுதான் வழக்கமான வரிசை. பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் படிக்க வேண்டுமென்றால் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையா? கோடையில் ஒரு பாடம் எடுக்கலாம், அல்லது ஒரே வருடத்தில் இரண்டு கணக்குப் பாடம் எடுக்கலாம். ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே பள்ளியில் பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சலரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். பதினொன்றில் போய்க் கேட்டால் அவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஹைஸ்கூலிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் ஏ.பி. பாடங்களில் ஒன்றான ஏ.பி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ, ஜாவா என்ற புரோகிராமிங் மொழியில் நடக்கும். பள்ளியில் இருந்தால் கட்டாயம் எடுக்கட்டும். இல்லையென்றால் பயப்பட வேண்டாம். அந்தப் பள்ளியில் இருந்த வாய்ப்புகளை வைத்துத்தான் கல்லூரிகள் மாணவரை மதிப்பிடும்.

படி 2: ஒன்பது, பத்தில் தொட்டுப் பார்க்கட்டும்

இந்த வயதில் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. ரோபாட்டிக்ஸ் குழு, பிக்கோசிடிஎஃப் மாதிரியான சைபர் பாதுகாப்புப் போட்டி, கணக்குக்கு ஏ.எம்.சி. என்ற போட்டித் தேர்வு என்று பலவற்றை முயன்று பார்க்கலாம். புதிர் பிடித்த பிள்ளைக்கு யு.எஸ்.ஏ.சி.ஓ. என்ற புரோகிராமிங் போட்டி இருக்கிறது. இணையத்தில் நடப்பது, கட்டணம் கிடையாது. எல்லாரும் வெண்கலப் படியில் தொடங்கி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று ஏற வேண்டும். சி++, ஜாவா, பைத்தான் எதில் வேண்டுமானாலும் எழுதலாம்.

ஒரு விஷயம்: போட்டிப் புரோகிராமிங் எல்லாருக்கும் ஒத்துவராது. நாலு மாதம் உட்கார்ந்தும் பிள்ளைக்கு அதில் சுவை தட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அதில்லாமலும் நல்ல கல்லூரிக்குப் போகிறார்கள்.

படி 3: ஒன்றை முடிக்கட்டும்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது. ஏழெட்டு கிளப்பில் பெயர் இருப்பதைவிட, ஒருவர் தினமும் பயன்படுத்தும் ஒரு சின்ன புரோகிராம் பல மடங்கு பேசும்.

உதாரணமாக, பள்ளி இசைக்குழுவின் (பேண்ட்) அறையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிளாரினெட்டை யார் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று ஆசிரியர் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். பாதி வரி அழிந்திருக்கும், திரும்பி வந்த தேதி இருக்காது. ஒரு மாணவி அதற்கு ஒரு வெப்சைட் செய்கிறாள் என்று வைப்போம். முதல் வடிவத்தை ஆசிரியர் தொடவே மாட்டார். வகுப்பு முடிந்து முப்பது பேர் வாசலில் நிற்கும்போது பெயர் டைப் செய்ய யாருக்கு நேரம்? அவள் யோசித்து ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். மாணவர்களே போனில் ஸ்கேன் செய்துவிட்டு எடுத்துப் போகிறார்கள். இப்போது ஆசிரியர் பயன்படுத்துகிறார். அடுத்த வருடம் இன்னொரு மாணவன் பார்த்துக்கொள்ளும்படி குறிப்பெழுதிக் கொடுக்கிறாள்.

இதில் உயர்ந்த தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஆனால் பிரச்சினையைப் பார்த்தது, முதல் முயற்சி பலிக்காதபோது மாற்றியது, கடைசிவரை கூட நின்றது எல்லாம் இருக்கிறது. கட்டுரையில் எழுதவும் விஷயம் தானாகவே கிடைத்துவிடும். பெற்றோர் இதில் செய்ய வேண்டியது குறைவு. தயவுசெய்து நீங்களே கோடு எழுதிக் கொடுக்காதீர்கள்; ஐ.டி. வேலையில் இருக்கும் நமக்கு அந்த ஆசை வரும், அடக்கிக்கொள்ள வேண்டும்.

படி 4: கோடை விடுமுறை

பெரிய பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் நடக்கிறது என்பதற்காக, காசு கட்டினால் யாரையும் சேர்த்துக்கொள்ளும் கோடை முகாமுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொட்ட வேண்டாம். அங்கே போனதாலேயே அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்துவிடாது. எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற கோடை ஆராய்ச்சி நிகழ்ச்சி மாதிரி கடுமையாகத் தேர்ந்தெடுக்கும் இலவச நிகழ்ச்சிகள் வேறு ரகம். அவை கிடைக்காவிட்டால் படி 3-ல் சொன்ன வேலையைத் தொடரலாம், அல்லது கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில்) ஒரு பாடம் படிக்கலாம்.

படி 5: கல்லூரியின் வாசலைப் பாருங்கள்

பத்தாம் வகுப்பு முடியும்போது ஒரு ஸ்பிரெட்ஷீட் திறங்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் நேராக ஒரே கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸுக்குள் எப்படி நுழைவது?

எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டில் மேஜர் வாரியாக ஆள் எடுப்பதில்லை. உள்ளே போனபின் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கஷ்டமெல்லாம் உள்ளே போவதில்தான். கார்னகி மெலன், இலினாய் அர்பானா-ஷாம்பெய்ன், வாஷிங்டன் பல்கலைக்கழகம், யு.சி. பெர்க்லி போன்றவை வேறு மாதிரி. விண்ணப்பிக்கும்போதே அந்தத் துறைக்கென்று தேர்வாக வேண்டும். வேறு மேஜரில் சேர்ந்து பிறகு மாறுவது மிகக் கடினம். டெக்சஸில் வகுப்பில் முன்னணி இடம் பிடித்த மாணவருக்கு டெக்சஸ் பல்கலைக்கழகமான யு.டி. ஆஸ்டினில் தானாக இடம் கிடைக்கும், ஆனால் அந்த உத்தரவாதம் கல்லூரிக்குத்தான், கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜருக்கு இல்லை. இதை மட்டும் முன்னாலேயே தெரிந்துகொண்டால் முடிவு தெரிந்தபின் வரும் ஏப்ரல் மாத அழுகை பாதி குறையும்.

இலினாயில் கம்ப்யூட்டர் சயின்ஸோடு மொழியியல், பொருளாதாரம், இசை என்று இன்னொரு துறையைச் சேர்த்துப் படிக்கும் பட்டங்கள் உண்டு. அந்த இன்னொரு துறையில் பிள்ளைக்கு நிஜமான ஈடுபாடு இருந்தால் அருமையான வழி. குறுக்கு வழியாக மட்டும் நினைத்துப் போக வேண்டாம். நாலு வருடம் அதையும் படித்தாக வேண்டும்.

பட்டியலில் எட்டாக்கனிகளை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜரிலேயே இடம் கிடைக்கக்கூடிய, பிள்ளை சந்தோஷமாகப் போகக்கூடிய கல்லூரிகள் குறைந்தது இரண்டு இருந்தே ஆக வேண்டும்.

படி 6: பணமும் விசாவும்

கல்லூரிகளின் வெப்சைட்டில் உதவித்தொகை போக நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று கணக்கிட்டுக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். பிள்ளைக்கு ஆசை காட்டுவதற்கு முன் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். கூட்டாட்சி அரசின் உதவிக்கு ஃபாஃப்ஸா படிவம், பல தனியார் கல்லூரிகளுக்குக் கூடவே சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற இன்னொரு உதவித்தொகைப் படிவம்.

ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி போன்ற வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபாஃப்ஸா வழியாகக் கிடைக்கும் கூட்டாட்சி உதவி கிடையாது. அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான கட்டணச் சலுகையின் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 21 வயதானால் ஹெச்-4 முடிந்துவிடும், படிப்பின் நடுவிலேயே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரலாம். இதையெல்லாம் பதினொன்றாம் வகுப்பிலேயே கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

படி 7: விண்ணப்பம்

பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பம் ஆகஸ்ட் 1 அன்று புது வருடத்துக்குத் திறக்கும். செயல்பாடுகளுக்கு 10 இடம், ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்து, இடைவெளியும் அதில் சேர்த்தி. "ரோபாட்டிக்ஸ் குழுவில் ஆர்வமாகப் பங்கேற்றேன்" என்றால் ஒன்றும் தெரியாது. "ரோபோவின் கேமராவுக்குக் கோடு எழுதினேன், புதிதாக வந்த மூன்று பேருக்கு பைத்தான் கற்றுக்கொடுத்தேன்" என்றால் ஒரு ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். ஒவ்வொரு செயலுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றும் கேட்பார்கள்; உண்மையை எழுதட்டும்.

கலிஃபோர்னியாவின் யு.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களுக்குத் தனி விண்ணப்பம். அதில் 20 செயல்பாடுகள் வரை எழுதலாம், 8 கேள்விகளில் 4-க்கு 350 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். தேர்வுசெய்யும்போது எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. எம்.ஐ.டி.யும் ஜார்ஜியா டெக்கும் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. எம்.ஐ.டி. காமன் ஆப்பிலும் இல்லை, அதற்கு அதன் சொந்தப் படிவம்தான்.

படி 8: தேதிகள், முடிவுகள்

எர்லி டிசிஷன் என்பது முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை; அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பம் இதில் அவசரப்படக் கூடாது. எர்லி ஆக்ஷனும் முன்கூட்டியே விண்ணப்பிப்பதுதான், ஆனால் அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டுக்கும் பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்தில் கடைசித் தேதி வரும். யு.சி.க்கு நவம்பர் கடைசிவாக்கில்.

முடிவு வந்ததும் சேர்க்கைக் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். கேட்ட மேஜரைத்தான் கொடுத்திருக்கிறார்களா, இல்லை இரண்டாவதாக எழுதியதையா, "முடிவாகாத மேஜர்" என்று போட்டிருக்கிறார்களா? சந்தேகமிருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பெரும்பாலான கல்லூரிகளிடம் உங்கள் முடிவைச் சொல்ல மே 1 வரை நேரம் இருக்கிறது.