இஞ்சி பீர் போடுகிறீர்களா? நம்ம ஊர் சூட்டில் நடக்கும் தவறுகள்

போன ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறு பாட்டில்கள் வரிசையாக நின்றன. திருவட்டாரிலிருந்து மாமி கொண்டு வந்தது கருப்பட்டியும் கிராம்பும் போட்டது. தக்கலை அத்தானுடையது அன்னாசிப்பழம் சேர்த்தது. பக்கத்து வீட்டு சார் வெறும் இஞ்சியும் எலுமிச்சையும்தான், அவருக்கு அது போதும். மாமி மூடியைத் திருகியதும் உஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. அதற்கு முன்னால் மூன்று தடவை சப்பென்று போயிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது மாமியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இஞ்சி பீர் என்று பெயர்தானே தவிர, இதில் பார்லியும் கிடையாது, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவும் கிடையாது. இஞ்சி, சர்க்கரை, தண்ணீர், அவற்றைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட், அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து வீடுகளில் புழங்கிய பானம் இது. பார்லி பீரை வீட்டில் காய்ச்சும் ஆசை எங்களில் இரண்டு பேருக்கு இருந்தது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். அதனால் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டோம். நாங்கள் செய்வது நுரைக்காகவும் காரத்துக்காகவும்தான், சோடா அளவில் நிறுத்திக்கொள்கிறோம். அந்த நிறுத்தும் இடத்தைத் தவற விடுவதில்தான் பாதித் தவறுகளும் வருகின்றன.

முதல் தவறு, நாள் கணக்கை நம்புவது. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. உறை தயாராக ஒரு வாரம், பாட்டிலில் இன்னொரு வாரம் என்று போட்டிருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குள் 20 டிகிரி இருக்கும். நம் அடுக்களையில் சாதாரணமாகவே 28, 30 இருக்கும், பங்குனி சித்திரையில் இன்னும் ஏறும். பத்து டிகிரி கூடினால் ஈஸ்டின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அங்கே ஏழு நாள் ஆவது இங்கே மூன்று நாளில் முடிந்துவிடும். காலண்டரைப் பார்க்காதீர்கள், பாட்டிலைப் பாருங்கள். இதை ஒவ்வொரு தடவையும் எல்லாரிடமும் சொல்கிறேன்.

உறை என்று நான் சொல்வது தயிருக்கு உறை மோர் மாதிரியான ஒன்று. கண்ணாடி ஜாடியில் இரண்டு கப் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி நறுக்கிய இஞ்சி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை போட்டுத் துணியால் மூடி வைக்கிறோம். தினமும் ஒரு கரண்டி இஞ்சியும் ஒரு கரண்டி சர்க்கரையும் சேர்த்துக் கிளற வேண்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஜாடியைக் காதருகே வைத்தால் சிறுமழை பெய்வது போல ஒரு சலசலப்பு கேட்கும். அதுதான் அடையாளம்.

இந்த உறை வராமலே போவதற்கு இரண்டு காரணங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒன்று, இஞ்சியின் தோலைச் சீவி எறிவது. நமக்கு வேண்டிய ஈஸ்ட் அந்தத் தோலில்தான் இருக்கிறது. மண்ணை மட்டும் கழுவிவிட்டுத் தோலோடு நறுக்குங்கள். மார்த்தாண்டம் சந்தையில் மண் ஒட்டியபடி கிடைக்கும் இஞ்சி, பளபளவென்று கழுவி அடுக்கிய இஞ்சியைவிட நன்றாகவே வேலை செய்கிறது. இன்னொன்று தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், கிணற்றிலும் பிளீச்சிங் பவுடர் போடுவது உண்டு. கிருமியைக் கொல்லப் போடுவது ஈஸ்டை மட்டும் விட்டுவைக்காது. கொதிக்க வைத்து, ஆற வைத்து, அப்புறம் ஊற்றுங்கள்.

ஆற வைப்பதிலும் அவசரம் கூடாது. இரண்டு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் இஞ்சியும் 200 கிராம் சர்க்கரையும் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டி, இரண்டு எலுமிச்சை பிழிந்து, அரை கப் உறையை ஊற்றுவதுதான் எங்கள் வழக்கம். சூடு குறையும் முன்னே உறையை ஊற்றினால் ஈஸ்ட் வெந்து போகும். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடே தெரியக் கூடாது.

இனி மாமியின் கருப்பட்டி விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இஞ்சி பீர் போடும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது கருப்பட்டிதான். நிறம் அழகாக வரும், இஞ்சியோடு சேரும்போது சுக்குக் காப்பியின் வாசனை லேசாக எட்டிப் பார்க்கும். மாமி வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக முழுக்கக் கருப்பட்டியே போட்டார். மூன்று தடவையும் நுரையில்லை. நாங்கள் உறையைக் குறை சொன்னோம், தண்ணீரைக் குறை சொன்னோம். கடைசியில் மாமியே ஒரு நாள் போனில் சொன்னார்: "கலயத்துல சுண்ணாம்பு தேய்ச்சு எறக்குன அக்கானியிலதான கருப்பட்டி காய்ச்சுது? பின்ன எப்படி மக்கா பொங்கும்?"

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சரி! பனையில் ஊறும் பாளைச்சாற்றை வெறும் கலயத்தில் விட்டால் வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, இனிப்பான அக்கானியாகவே, அதாவது பதநீராகவே, இறங்கும். ஈஸ்டைத் தடுக்கத்தான் அந்தச் சுண்ணாம்பு. அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கினாலும் அதில் கொஞ்சம் தங்கிவிடுகிறது. ஈஸ்டுக்கு லேசான புளிப்பு பிடிக்கும், சுண்ணாம்பின் காரத்தன்மை பிடிக்காது. பனையேறிகள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட அறிவு இது. புளிக்க வைப்பதைப் பற்றி வெளியூர் செய்முறைகளில் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு அது நம்ம ஊர் பனை மூட்டில் கிடைத்தது. எனக்கு இதில் சொல்ல முடியாத சந்தோஷம்.

மாமி இப்போது செய்வது இப்படி. கருப்பட்டியை வெந்நீரில் கரைத்து இரவு முழுவதும் அசையாமல் வைக்கிறார். காலையில் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டல் படிந்திருக்கும், மண்ணும் சுண்ணாம்பும் கலந்தது. மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுக்கிறார். பாதிக்குக் கருப்பட்டி, பாதிக்குச் சர்க்கரை. எலுமிச்சை இரண்டுக்குப் பதில் மூன்று. ஞாயிற்றுக்கிழமை வந்த அந்த உஸ்ஸ் சத்தம் இந்த மூன்று மாற்றத்தினால் வந்தது. கிராம்பு நான்கைந்து போதும். நம் மலையில் விளையும் கிராம்புக்கு வாசனை அதிகம், கூடினால் பல்வலி மருந்து குடிப்பது போல ஆகிவிடும்.

அடுத்தது பாட்டில். மற்ற தவறுகளில் போவது ருசிதான். இதில் கண் போகும்.

இரண்டு வருடத்துக்கு முன், ஈஸ்டருக்கு முந்தின வாரம், ஜூஸ் வந்த ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி இறுக மூடி அடுக்களைத் திண்டுக்குக் கீழே அலமாரியில் வைத்தேன். நான்காம் நாள் விடியற்காலை வெடித்தது. தேங்காய் விழுந்தது போல ஒரு சத்தம். அலமாரிக் கதவைத் திறந்தால் உள்பக்கப் பலகையில் கண்ணாடிச் சில்லுகள் குத்தி நின்றன, ஒரு சில்லு விரல்நுனி ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அடுக்களையில் அப்போது யாரும் இல்லை. பகலாக இருந்திருந்தால் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் அம்மா தேங்காய் துருவுவார்.

ஏன் வெடித்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஈஸ்ட் தின்னும் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி எடை கரியமில வாயுவாக மாறும். லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போடுகிறோம். அத்தனையும் புளித்தால் 50 கிராம் வாயு, அதாவது சுமார் 25 லிட்டர். கடைச் சோடாவின் விறுவிறுப்புக்கு ஒரு லிட்டரில் நான்கு லிட்டர் வாயு இருந்தால் போதும், அதற்கு 16 கிராம் சர்க்கரை போதும். மீதி சர்க்கரை இனிப்புக்காக உள்ளே கிடக்கிறது. நாம் நிறுத்தாவிட்டால் ஈஸ்ட் அதையும் தின்றுகொண்டே போகும். இறுக மூடிய பாட்டில் அதைத் தாங்காது.

சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலையே எடுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், அது அழுத்தத்துக்குச் செய்தது அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. சோடா பாட்டிலின் அடிப்பாகம் ஐந்து குமிழாகப் பிரிந்து பூவைப் போல இருக்கும், அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே அமைத்த வடிவம் அது. இன்னொரு வசதி, பிளாஸ்டிக்கைக் கையால் அமுக்கிப் பார்க்கலாம். ஊற்றிய அன்று அமுக்கினால் குழியும். வாயு சேரச் சேர விறைக்கும். கட்டைவிரலால் அழுத்தியும் குழியவில்லை என்றால் அந்த நிமிடமே பிரிட்ஜுக்குள் போக வேண்டும். எங்கள் வீட்டில் கோடையில் இதற்கு ஒன்றரை நாள், ஆடி மழையில் இரண்டரை நாள். கழுத்துக்குக் கீழே நான்கு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள்.

கோலி சோடா பாட்டில் கிடைத்தால் போட்டுப் பார்க்கலாமே என்று அத்தான் கேட்டார். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டிலில், உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கிறது. தலைகீழாகப் பிடித்து அழுத்தத்தோடு நிரப்பும் இயந்திரம் இல்லாமல் அது மூடாது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டுக்குச் சரிப்படாது.

அத்தானின் அன்னாசியில் நடந்ததும் இந்தக் கணக்குத்தான். ரப்பர் தோட்டத்தில் ஊடுபயிராகப் போட்ட அன்னாசி, நன்றாகப் பழுத்தது. சாற்றைப் பிழிந்து ஊற்றியவர் சர்க்கரையைக் குறைக்கவில்லை. பழத்திலேயே நிறைய சர்க்கரை இருக்கிறது, தோலில் ஈஸ்டும் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் முக்கால் பாட்டில் அவர் சட்டையில். பழம் சேர்த்தால் சர்க்கரையைப் பாதியாக்குங்கள், நாரை நன்றாக வடிகட்டுங்கள். நார்த்துணுக்கு ஒவ்வொன்றிலும் நுரை பிடித்து ஏறும். நன்றாகக் குளிர்ந்த பிறகு, மூடியைக் கால் திருகு திருகி, சத்தம் அடங்கிய பின் மறுபடி கால் திருகு. இந்தத் தடவை அப்படித்தான் திறந்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை.

இதில் ஆல்கஹால் இருக்கிறதா என்று வீட்டில் கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள், இருக்கிறது. ஈஸ்ட் மட்டுமே வேலை செய்தால் அந்த 16 கிராம் சர்க்கரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு சதவீதம் ஆல்கஹால் வரும். உறையில் ஈஸ்டோடு புளிப்புப் பாக்டீரியாவும் இருப்பதால் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக இருக்கும், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. வெளியே விட்டுவைக்க விட்டுவைக்க ஏறும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நாங்கள் கொடுப்பதில்லை. குடிப்பதில்லை என்று நோன்பாக இருப்பவர்களிடம் கேட்காமல் நீட்டுவதும் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. புளித்தது போக லிட்டருக்கு 80 கிராமுக்கு மேல் சர்க்கரை அப்படியே இருக்கிறது.

சின்னச் சின்னதாகச் சில. அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்கள் வேண்டாம், புளிப்பு அவற்றை அரிக்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடி. உறையின் மேல் வெள்ளையாக, மெல்லிய ஏடு போலப் படர்ந்தால் பயப்பட வேண்டாம், எடுத்துவிட்டுத் தொடரலாம். பஞ்சு போலப் பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள், மேலே மட்டும் அள்ளி எறிந்தால் போதாது. மழைக்காலத்தில் மிதக்கும் இஞ்சித் துண்டுகளில்தான் பூஞ்சணம் முதலில் வரும், அதனால் ஒரு நாளும் கிளறாமல் விடக் கூடாது. ரொட்டி ஈஸ்டைப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பன் வாசனை வரும், எனக்குப் பிடிக்கவில்லை. மார்த்தாண்டம் தேன் சேர்ப்பவர்கள் கொதிக்கும்போது போடாமல் ஆறிய பிறகு கலக்கினால் வாசனை நிற்கும்.

பிரிட்ஜில் வைத்துவிட்டோம் என்று மறந்துவிடுவதும் தவறுதான். குளிரில் ஈஸ்ட் தூங்கும், சாகாது. ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். கரண்ட் போய் நெடுநேரம் வராத நாளில் எல்லாப் பாட்டிலின் மூடியையும் ஒரு தடவை தளர்த்தி மூடுங்கள்.

உறையையும் அதே பிரிட்ஜில் வைத்து, வாரம் ஒரு தடவை ஒரு கரண்டி இஞ்சியும் சர்க்கரையும் கொடுத்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பக்கத்து வீட்டு சார் மகள் வீட்டுக்குத் திருவனந்தபுரம் போய் மூன்று வாரம் இருந்துவிட்டார், ஜாடி வெளியிலேயே இருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது மேலே கறுப்பாகப் பூத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமி பையிலிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். உள்ளே நான்கு கரண்டி உறை, மூடியில் ஆணியால் குத்திய ஓட்டை. புதன்கிழமை காலையில் சார் மதில் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டு, ஜாடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார்.