நரி முதுகில் அலை

பழைய புத்தகப் படங்களை வெட்டி ஒட்டி, 36 சீட்டுகள் கொண்ட லெனோர்மாண்ட் குறிசொல்லும் சீட்டுக்கட்டு ஒன்று செய்தேன். அச்சாகி வந்ததும் பார்த்தால், 14-ஆம் சீட்டான நரியின் முதுகெல்லாம் அலையலையாகக் கோடுகள்! மற்ற சீட்டுகளில் இல்லை.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கப்பல், சாவி எல்லாம் மரச்செதுக்குப் படங்கள், வெறும் கோடுகள். நரி மட்டும் பின்னாளைய அச்சு, பொடிப்பொடியாகப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளும், சீட்டை அச்சிட அச்சகம் வைத்த புள்ளிகளும் மோதி அலையானதுதான் வம்பு.

சரி என்று 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி நுணுக்கத்தில்) மறுபடி ஸ்கேன் செய்து, அச்சுப் புள்ளிகள் கரையும் அளவுக்கு லேசாக மங்கலாக்கினேன். அப்புறம் 300-க்குச் சுருக்கி, கொஞ்சம் கூர்மையாக்கினேன். அலை போய்விட்டது. கூடவே நரியின் மீசையும் பாதி போயிருந்தது. அதை நானே வரைந்துவிட்டேன்.