மேசா டிரைவரைக் கம்பைல் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் சில்லு செய்யும் வேலை புதிதல்ல. 1972-இலேயே இன்டெல் இங்கே ஆலை திறந்துவிட்டது. ஆனால் கிராபிக்ஸ் சில்லை இயக்கும் டிரைவரின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம் என்பது நம் பிள்ளைகள் பலருக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்து இறங்குகிறவர்களும் நிரல் எழுதத் தெரியாமல் திணறுவது குறைவு. தாங்கள் கம்பைல் செய்த, அதாவது மூலநிரலிலிருந்து இயங்கும் நிரலாக மாற்றிய, டிரைவர்தான் ஓடுகிறதா என்று பார்க்காமல் நாள்கணக்கில் அலைவதுதான் அதிகம்.

லினக்ஸில் இந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நினைவகத்தையும் திரையையும் கவனிப்பது, லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள பகுதி. மென்பொருள்கள் படம் வரையப் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல், வல்கன் அழைப்புகளைச் சில்லுக்கான கட்டளைகளாக மாற்றுவது மேசா. பிரையன் பால் 1993-இல் தொடங்கிய திட்டம் அது. புதியவர்கள் கைவைக்க ஏற்ற இடமும் அதுதான்.

மேசாவில் பல நிறுவனங்களின் சில்லுகளுக்கும் டிரைவர்கள் உண்டு. அத்தனையையும் சேர்த்துக் கம்பைல் செய்வது முதல் தவறு. எட்டு ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி அதிலேயே மூச்சுத் திணறும். உங்களுக்குத் தேவையானதை மட்டும், கம்பைல் வேலையை நடத்தும் மெசான் கருவியின் அமைப்பில் குறிப்பிடுங்கள். ஆனால் எது தேவை என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் மலிவாகக் கிடைத்த பழைய மடிக்கணினியில் நான்காம் தலைமுறை இன்டெல் செயலி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்டெல்தானே என்று ஐரிஸ் டிரைவரை மட்டும் தேர்ந்தெடுத்தால், கம்பைல் ஒரு பிழையும் காட்டாமல் முடியும். ஆனால் சில்லு வேலை செய்யாது. ஐரிஸ், ஐந்தாம் தலைமுறையிலிருந்துதான். அதற்கு முந்தையவற்றுக்குக் குரோக்கஸ். வல்கனில் எல்லை வேறு: ஐந்தாம் தலைமுறைக்கும் ஹாஸ்விகே என்ற பழைய சில்லுகளுக்கான டிரைவர் தேவை. 2022-இல் வந்த 22.0 பதிப்பில் மேசா தன் பழைய கிளாசிக் டிரைவர்களை நீக்கிவிட்டது. அதனால் அதற்கு முன் எழுதப்பட்ட கையேடுகளை அப்படியே பின்பற்றாதீர்கள்.

இனி முக்கியமான தவறுக்கு வருவோம். கம்பைல் முடிந்ததும் ஒரு விளையாட்டைத் திறந்து பார்த்து, “மாற்றம் ஒன்றும் தெரியவில்லையே” என்று நிரலைத் திரும்பத் திருத்துகிறார்கள். உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்போடு வந்த பழைய மேசாவாக இருக்கும். டிரைவர் விவரம் காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டி, பதிப்பு, ரெண்டரர் என்ற இரண்டு வரிகளை மட்டும் படியுங்கள். மூலநிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் ‘கமிட்’ என்று பதிந்துவைக்கும் கிட்டிலிருந்து எடுத்துக் கம்பைல் செய்த மேசா என்றால், பதிப்பு வரியின் கடைசியில் ‘கிட்’ என்ற சொல்லும் அதையொட்டிக் கமிட் அடையாளமும் நிற்கும். அது இல்லையென்றால் உங்கள் டிரைவர் ஓடவில்லை. ரெண்டரர் வரியில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: படம் வரைவது கிராபிக்ஸ் சில்லே அல்ல, செயலி. வேகம் குறைந்ததற்கு உங்கள் திருத்தத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

எல்எல்விஎம்பைப் வந்து நிற்க இன்னொரு காரணமும் உண்டு. உபுண்டு, டெபியன் போன்றவற்றில் சில்லை அணுக ‘ரெண்டர்’ குழுவில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். கணினியின் முன் அமர்ந்து வேலை செய்யும்போது உள்நுழைவு அமைப்பே அந்த அனுமதியைத் தந்துவிடும். வீட்டிலிருந்து, தொலைவிலிருந்தே உள்நுழையும் எஸ்எஸ்எச் வழியாக அதே கணினிக்குள் புகும்போது தராது. அலுவலகத்தில் ஓடியது வீட்டில் ஓடவில்லை என்ற புகாரைக் கேட்டால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

புது மேசாவை நேரே கணினியின் நூலகங்கள் இருக்கும் இடத்தில் நிறுவுவதும் ஆபத்து. பிசகினால் திரையே வராமல் போகலாம். தனி அடைவில் நிறுவுங்கள். அல்லது நிறுவாமலேயே ‘மெசான் டெவ்என்வ்’ கட்டளை திறக்கும் சூழலில் சோதித்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தானே அதை வைத்திருக்கிறார்கள்.

கைப்பேசி டேட்டாவை மிச்சப்படுத்த, கடைசிக் கமிட்டை மட்டும் இறக்கிக்கொள்கிற மாணவர்கள் உண்டு. கம்பைல் செய்ய அது போதும். ஆனால் முன்பு சரியாக இருந்த ஒன்று எந்தக் கமிட்டில் கெட்டது என்று தேடும் கிட் பைசெக்ட், வரலாறு இல்லாமல் ஓடாது. டிரைவர் வேலையில் அதைவிடப் பயனுள்ள கருவி எனக்குத் தெரியாது. பல்கலைக்கழக இணைப்பு கிடைக்கும் நாளில் மீதி வரலாற்றையும் இறக்கி வைத்துவிடுங்கள்.

வேகத்தை அளப்பதென்றால் ரிலீஸ் வகையில் கம்பைல் செய்து அளக்க வேண்டும். பிழைதேடும் வகையில் நிரலின் உள்ளே ஓடும் சரிபார்ப்புகள் எண்ணைக் கெடுத்துவிடும். ஷேடர் கேச்சையும், அதாவது சில்லில் ஓடும் சிறு நிரல்களான ஷேடர்களைக் கம்பைல் செய்து சேமித்து வைக்கும் இடத்தையும், மறக்காதீர்கள்: ஒருமுறை கம்பைல் ஆன ஷேடர் அடுத்த ஓட்டத்தில் கேச்சிலிருந்து வந்துவிடுவதால், கம்பைலருக்குள் நீங்கள் வைத்த பிழைதேடும் செய்தி முதல்முறை தெரிந்து, மறுமுறை காணாமல் போகும். சோதிக்கும்போது கேச்சை அணைத்துவிடுங்கள்.

ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்ற சிறு நிரலின் சுழலும் பல்சக்கரம் திரையில் தெரிந்தால் சோதனை முடிந்தது என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பிக்லிட் என்ற சோதனைத் தொகுப்பும், வல்கன் விதிகளுக்கு டிரைவர் இணங்குகிறதா என்று பார்க்கும் சோதனைகளும் அதற்குத்தான் இருக்கின்றன. திருத்தத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை ஓட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள். ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்த சோதனை எது, உங்களால் தோற்றது எது என்று பிரித்தறிய வேறு வழியில்லை.

சில்லு தொங்கிவிட்டால், அதாவது பதிலில்லாமல் உறைந்து நின்றுவிட்டால், செய்தி கெர்னல் பதிவில் வரும். அதைப் பார்த்ததும் கெர்னலைத்தான் குற்றம் சொல்லத் தோன்றும். பல நேரங்களில் சில்லுக்குத் தவறான கட்டளையை அனுப்பியது மேசா. கெர்னல் அதைக் கண்டுபிடித்துச் சொன்னது, அவ்வளவுதான். கெர்னலைக் கம்பைல் செய்யத் தொடங்கும் முன், கெர்னலை மாற்றாமல் மேசாவின் பழைய பதிப்பு ஒன்றைப் போட்டு அதே தொங்கல் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் தேட வேண்டிய இடம் மேசா.